தண்ணி, புகை, நெருப்பு சிமுலேஷனுக்கு எந்த சாப்ட்வேர் எடுக்கறது? அடிக்கடி வர்ற கேள்விகளும் பதில்களும்

சுத்தி வளைக்காம சொல்லுங்க, எந்த சாப்ட்வேர் பெஸ்ட்?

ஷாட் என்னன்னு தெரியாம இதுக்கு பதில் சொன்னா அது உங்களுக்கு உதவாது. எனக்கு மூணு விஷயம் தெரியணும். உங்க ஷாட்ல இருக்கறது தண்ணியா, இல்ல புகையும் நெருப்புமா? சிமுலேஷன் (அசைவ கம்ப்யூட்டர் கணக்கு போட்டு உருவாக்கறது) முடிஞ்சப்புறம் அத எதுல ரெண்டர் பண்ணப்போறீங்க, அதாவது கடைசி படமா எடுக்கப்போறீங்க? உங்க மிஷின்ல ராம் எவ்ளோ, கிராபிக்ஸ் கார்டுல வி-ராம், அதாவது அதோட சொந்த மெமரி எவ்ளோ? இந்த மூணுக்கும் பதில் இருந்தா சாப்ட்வேர் தானா முடிவாகிடும்.

அவசரத்துல இருக்கறவங்களுக்கு: கைல காசு இல்ல, கத்துக்கணும்னா பிளெண்டர். எஃப்எக்ஸ் (எஃபெக்ட்ஸ்) ஆர்ட்டிஸ்ட்டா வேலைக்கு போகணும்னா ஹூடினி. நெருப்பு, புகை, வெடி மட்டும்தான், சீக்கிரம் வேணும், நல்ல ஜிபியு (கிராபிக்ஸ் கார்டு) இருக்குன்னா எம்பர்ஜென். ஏற்கனவே 3டிஎஸ் மேக்ஸும் வி-ரேயும் வெச்சு வேலை ஓடுதுன்னா ஃபீனிக்ஸ். மாயா லைசென்ஸ் இருந்தா அதுக்குள்ளயே பைஃப்ராஸ்ட் இருக்கு, புதுசா வாங்கறதுக்கு முன்னாடி அத ஒரு தடவ திறந்து பாருங்க.

தண்ணி, புகை ரெண்டும் ஃப்ளூயிட்தானே, ஏன் வேற வேற சால்வர்?

சால்வர்னா இந்த அசைவ கணக்கு போடற இன்ஜின். ரெண்டுக்கும் அடில ஓடுறது திரவம், வாயு ஓட்டத்த சொல்ற அதே நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாடுதான். ஆனா நம்ம கண்ணு எத பாக்குதுங்கறது வேற. புகைல ஒரு பெட்டி முழுக்க காத்து இருக்கு, அதுல புகையோட அடர்த்தியும் சூடும் மிதந்து போகுது, அதனால பெட்டிய குட்டி குட்டி கட்டமா, அதாவது வாக்ஸலா பிரிச்சு ஒவ்வொரு கட்டத்துலயும் கணக்கு போட்டா போதும். 1999ல ஜோஸ் ஸ்டாம் ஒரு முறை கொண்டு வந்தார், அதுக்கு முன்னாடி டைம் ஸ்டெப் (ஒரு கணக்குக்கும் அடுத்ததுக்கும் நடுவுல இருக்கற நேரம்) கொஞ்சம் பெருசானாலே நம்பர் எல்லாம் எகிறி சிமுலேஷன் வெடிச்சுடும், இவரோட முறைல எவ்ளோ பெரிய ஸ்டெப் எடுத்தாலும் வெடிக்காது. அதுக்கு விலை என்னன்னா சின்ன சின்ன சுழல் எல்லாம் மழுங்கிடும். அத திரும்ப கொண்டு வரத்தான் 2001ல ஃபெட்கிவ், ஸ்டாம், யென்சன் மூணு பேரும் வோர்டிசிட்டி கன்ஃபைன்மென்ட்ட புகைக்கு கொண்டு வந்தாங்க, இன்னிக்கு நீங்க பிளெண்டர்ல பாக்கற வோர்டிசிட்டி ஸ்லைடருக்கு மூலம் அதுதான்.

தண்ணில முக்கியம் மேல்பரப்பு. தண்ணி எங்க முடியுது, காத்து எங்க ஆரம்பிக்குதுங்கற அந்த கோடு மழுங்கினா ஷாட் போச்சு. அதனால வேகத்த துகள்கள் தூக்கிட்டு போகும், அழுத்தத்த மட்டும் கட்டத்துல கணக்கு போடுவாங்க. அதுதான் ஃப்ளிப். அது 1986லயே இயற்பியல் ஆராய்ச்சில வந்தது, 2005ல ஜூவும் பிரிட்சனும் கிராபிக்ஸ்க்கு கொண்டு வந்தாங்க, அவங்க அப்ப சிமுலேட் பண்ண நினைச்சது மணல்! இன்னிக்கு ஹூடினி, பிளெண்டர், ஃபீனிக்ஸ் எதுல தண்ணி செஞ்சாலும் ஏதோ ஒரு வடிவத்துல ஃப்ளிப்தான் ஓடுது. பிளெண்டர்ல கூடவே ஏபிக்னு ஒரு ஆப்ஷன் இருக்கும், 2015ல யுசிஎல்ஏ பல்கலைக்கழகமும் டிஸ்னியும் சேந்து செஞ்ச ஆராய்ச்சில இருந்து வந்தது. தெறிக்கிற தண்ணிக்கு ஃப்ளிப், தேன் மாதிரி அமைதியா போற கெட்டி திரவத்துக்கு ஏபிக், இதுதான் நான் பிடிச்சுக்கற வழி.

அப்போ நெருப்புக்கு தனி சால்வரா?

இல்ல. நெருப்பும் புகை சால்வர்தான், கூடுதலா எரிபொருள்னு ஒரு ஃபீல்டு, அதாவது ஒவ்வொரு வாக்ஸலுக்கும் ஒரு நம்பர். எரிபொருள் எரிஞ்சு சூடாகும், சூடானது மேல ஏறும், கொஞ்சம் விரியும். அந்த ஆரஞ்சு நிறம் சால்வர்ல இருந்து வரல, அது ஷேடர்ல, அதாவது ரெண்டர்ல நிறத்தையும் வெளிச்சத்தையும் முடிவு பண்ற இடத்துல வருது. நிறைய பேர் நெருப்பு நல்லா வரலன்னு சாப்ட்வேர மாத்திகிட்டே இருக்காங்க, உள்ள போய் பாத்தா சிமுலேஷன் அருமையா இருக்கும், ஷேடர்ல சூட்டுக்கும் நிறத்துக்கும் உள்ள மேப்பிங்தான் தப்பா இருக்கும், இல்லன்னா நெருப்போட வெளிச்சம் பக்கத்துல இருக்கற புகை மேல விழாம இருக்கும். சாப்ட்வேர் மாத்தறதுக்கு முன்னாடி ஷேடர பாருங்க, ப்ளீஸ்.

பிளெண்டர் மட்டும் வெச்சு சமாளிக்க முடியுமா?

நிறைய தூரம் போகலாம். 2020 பிப்ரவரில 2.82 வெர்ஷன்ல மாண்டாஃப்ளோங்கற சால்வர் வந்துச்சு, அதுக்கு முன்னாடி தண்ணிக்கு ஒண்ணு, புகைக்கு ஒண்ணுன்னு பழைய சால்வர் ரெண்டு இருந்தது, ரெண்டையும் தூக்கிட்டு ஒரே இடத்துல வெச்சாங்க. இலவசம், அதுல செஞ்ச வேலைய விக்கவும் தடை இல்ல.

குறைன்னு பாத்தா, மாண்டாஃப்ளோ சிபியுலதான் ஓடும், நீங்க எவ்ளோ பெரிய ஜிபியு வாங்கி வெச்சாலும் பேக் பண்றப்போ (சிமுலேஷன கணக்கு போட்டு டிஸ்க்ல சேமிக்கறப்போ) அது சும்மாதான் இருக்கும், ரெண்டர்லதான் கைகொடுக்கும். டொமைன் பெட்டி, அதாவது சிமுலேஷன் நடக்கற எல்லை, பெருசானா காலி இடத்துக்கும் மெமரி போகும். புகைக்கு அடாப்டிவ் டொமைன் ஆன் பண்ணுங்க, புகை இருக்கற அளவுக்கு பெட்டி சுருங்கி விரியும், நல்ல மிச்சம். தண்ணி சீரியஸா பண்ணணும்னா ஃப்ளிப் ஃப்ளூயிட்ஸ்னு காசு கொடுத்து வாங்கற ஆட்-ஆன் இருக்கு. நுரை, குமிழி, ஸ்ப்ரே எல்லாம் மாண்டாஃப்ளோவிட நல்லா வருது, நான் தண்ணிக்கு அததான் சொல்லுவேன்.

ரெண்டு விஷயம் பேக் போடறதுக்கு முன்னாடியே செஞ்சுடுங்க. கேஷ் ஃபோல்டர (பேக் ஆனது சேமிக்கற இடம்) நீங்களே நல்ல இடம் இருக்கற டிரைவ்ல குடுங்க. கேஷ் டைப் ரீப்ளேன்னு இருக்கும், அது சும்மா ஓட்டி பாக்கத்தான், ஃபைனலுக்கு மாடுலர் வெச்சு ரெஸ்யூமபிள டிக் பண்ணுங்க, நடுராத்திரி கரண்ட் போனாலும் விட்ட இடத்துல இருந்து தொடரலாம்.

ரெசல்யூஷன ரெண்டு மடங்கு ஆக்கினா மிஷின் ஏன் படுத்துடுது?

சாப்ட்வேர் வாங்கறதுக்கு முன்னாடி எல்லாரும் பேப்பர்ல போட்டு பாக்க வேண்டிய கணக்கு இது, அதனால கொஞ்சம் விளக்கமா சொல்றேன்.

ஒரு கனசதுர பெட்டி, ஒரு பக்கம் 256 வாக்ஸல். மொத்தம் 256ஐ மூணு தடவ பெருக்கினா சுமார் 1.68 கோடி வாக்ஸல். ஒரு வாக்ஸலுக்கு ஒரு நம்பர் வெக்க 4 பைட். ஆக ஒரு ஃபீல்டுக்கு 64 எம்பி. நெருப்புக்கு அடர்த்தி, சூடு, எரிபொருள், வேகத்துக்கு மூணு திசை, ஆக ஆறு ஃபீல்டு, 384 எம்பி. அழுத்தம் கணக்கு போட சால்வர் தற்காலிகமா எடுக்கறது தனி. இத 512 ஆக்குங்க, 13.4 கோடி வாக்ஸல், அதே ஆறு ஃபீல்டுக்கு 3 ஜிபி. 1024 ஆக்கினா 24 ஜிபி, தற்காலிக இடம் சேக்காமலேயே. உங்க கார்டுல 8 ஜிபி வி-ராம்தான்னா ஜிபியு சால்வர்ல எங்க நிக்கப்போறீங்கன்னு இப்ப தெரியுதா?

மெமரி எட்டு மடங்கு ஏறுது, ஆனா நேரம் அதுக்கும் மேல ஏறும். வாக்ஸல் பாதியா சுருங்கினதால அதே வேகத்துல போற புகை ஒரு ஃப்ரேம்ல ரெண்டு மடங்கு கட்டத்த தாண்டுது, சால்வர் ஒரு ஃப்ரேம்க்குள்ள ரெண்டு மடங்கு ஸ்டெப் எடுக்க வேண்டி வரும். எட்டு ரெண்டு பதினாறு. பத்து நிமிஷ பேக் ரெண்டு மணி நாப்பது நிமிஷம் ஆகுதுன்னா மிஷின்ல கோளாறு இல்ல.

இன்னொரு விஷயம், இதுல சிக்காத ஆளே கிடையாது: ரெசல்யூஷன் மாத்தினா வடிவமே மாறிடும். 64ல புகை இடது பக்கம் சுருண்டு போச்சு, டைரக்டருக்கு புடிச்சுது, ஓகே வாங்கியாச்சு, ஃபைனலுக்கு 256ல போட்டா நேரா மேல போகுது. அதே புகைக்கு டீட்டெயில் மட்டும் கூட்டத்தான் நாய்ஸ் அல்லது அப்ரெஸ்னு ஒரு ஆப்ஷன். 2008ல வந்த வேவ்லெட் டர்புலன்ஸ்தான் அதோட அடிப்படை, பெரிய அசைவ தொடாம மேல சின்ன சுருள்கள மட்டும் சேக்கும். ஓகே ஆன புகைய அப்படியே வெச்சுட்டு அதுல போங்க.

ஹூடினி ரொம்ப கஷ்டம்னு சொல்றாங்களே?

ஆமா, கஷ்டம்தான். முதல் சில வாரம் ஒண்ணும் புரியாது. எல்லாமே நோடு, ஒரு பட்டன அமுக்கினா நெருப்பு வரும்னு எதிர்பாக்க முடியாது (ஷெல்ஃப்ல பட்டன் இருக்கு, அமுக்கினா நோடு வந்து குவியும், ஏன் குவிஞ்சதுன்னு தெரியலன்னா பிரயோஜனம் இல்ல). ஆனா அந்த கஷ்டத்துக்கு கிடைக்கறது பெருசு. மத்த பல சாப்ட்வேர்ல சால்வர் ஒரு மூடின பெட்டி, ஸ்லைடர் குடுத்தத மட்டும் மாத்தலாம். ஹூடினில சூடு ஃபீல்டுக்குள்ள போய் இந்த இடத்துல மட்டும் குறைன்னு சொல்லலாம், சொவுரு உடையறப்போ உடைஞ்ச விரிசல்ல இருந்து மட்டும் தூசி கிளம்பணும், அந்த தூசி தண்ணில பட்டதும் அடங்கணும்னா எல்லாத்தையும் ஒரே சீன்ல கட்டலாம். அதனாலதான் சென்னை, பெங்களூரு, மும்பைல எஃப்எக்ஸ் டிபார்ட்மென்ட்டுக்கு ஆள் எடுக்கறப்போ ஹூடினி தெரியுமான்னு முதல்ல கேக்கறாங்க.

ஹூடினி டொரண்டோல இருக்கற சைட்எஃப்எக்ஸ் கம்பெனியோடது. 2018ல ஆஸ்கர் அகாடமியோட அவார்ட் ஆஃப் மெரிட் வாங்கினது. 2019ல 18வது வெர்ஷன்ல ஸ்பார்ஸ் பைரோங்கற புகை, நெருப்பு சால்வர் வந்துச்சு, புகை இல்லாத இடத்துக்கு மெமரி போகாது, மேல சொன்ன கணக்கு அங்க கொஞ்சம் இரக்கம் காட்டும். 20.5ல எம்பிஎம்னு ஒரு சால்வர் வந்தது, பனி, சேறு, ஈர மண்ணுக்கு.

காசு பத்தி: அப்ரென்டிஸ்னு இலவச எடிஷன், படிக்க மட்டும். ரெண்டர் 1280க்கு 720, மேல வாட்டர்மார்க் வரும், வெளி ரெண்டரர் எதுவும் வேலை செய்யாது. கத்துக்கறதுக்கு அது தாராளம். ஒரு எச்சரிக்கை, அப்ரென்டிஸ்ல சேவ் பண்ண ஃபைல கமர்ஷியல் லைசென்ஸ்ல திறந்தா அந்த செஷனே நான்-கமர்ஷியலா மாறிடும், அதனால கிளையன்ட் வேலைய அதுல ஆரம்பிக்காதீங்க. தனியா வேலை பாக்கறவங்களுக்கு இண்டி லைசென்ஸ், வருமான உச்சவரம்பு இருக்கு, வருஷ சந்தா, விலைய வாங்குற அன்னிக்கு அவங்க சைட்ல பாத்துக்கோங்க.

எம்பர்ஜென் ரியல் டைம்ல ஓடுதே, அப்புறம் எதுக்கு மத்ததெல்லாம்?

எம்பர்ஜென் எனக்கு ரொம்ப புடிச்ச சாப்ட்வேர். ஸ்லைடர இழுத்தா வெடி கண்ணு முன்னாடியே மாறுது, பேக் போட்டுட்டு காத்திருக்கற வேலை இல்ல, நெருப்போட குணத்த கத்துக்க இதவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. விடிபியா (புகைய சேமிக்கற ஃபைல் வகை, கீழ சொல்றேன்) வெளிய எடுக்கலாம், இமேஜ் சீக்வென்ஸா எடுக்கலாம், கேமுக்கு ஃப்ளிப்புக்கா (ஃப்ரேம் எல்லாத்தையும் ஒரே படத்துல கட்டம் கட்டமா அடுக்கறது) எடுக்கலாம். வெளில இருந்து அசையற மாடல கொண்டு வந்து அத எரியவும் வெக்கலாம்.

எங்க நிக்கும்னா வி-ராம்ல. ஒரு காட்டேஜ் எரியறது சரி, ஒரு தெருவே எரியறதுன்னா துண்டு துண்டா செஞ்சு அடுக்கணும். தண்ணி இதுல வராது, அதே ஜங்காஎஃப்எக்ஸ் கம்பெனி தண்ணிக்கு லிக்விஜென்னு தனியா வெச்சிருக்கு. அப்புறம் புகைக்கும் உடையற பொருளுக்கும் பரஸ்பரம் தொடர்பு வேணும்ங்கற ஷாட்டுக்கு ஹூடினிதான்.

3டிஎஸ் மேக்ஸ், மாயா ஆளுங்களுக்கு?

மேக்ஸ்ல ஆர்க்கிடெக்சர் விஷுவலைசேஷன் பண்றவங்க, நீச்சல் குளம், ஃபவுண்டன், ஃபயர்பிளேஸ் மாதிரி வேலைன்னா ஃபீனிக்ஸ் எடுங்க, பல்கேரியால ஆரம்பிச்ச கேயாஸ் கம்பெனி, வி-ரேயும் அவங்களோடதுதான், ரெண்டும் ஒட்டி வேலை செய்யும். ஃபியூம்எஃப்எக்ஸ் நெருப்புக்கு ரொம்ப நாளா பேர் வாங்கினது, ஸ்டூடியோல பழைய செட்டப் இருந்தா தொடருங்க. மாயாவோட பைஃப்ராஸ்ட்டுக்கு ஒரு கதை இருக்கு: ஸ்டாக்ஹோம்ல நயாட்னு ஒரு ஃப்ளூயிட் சாப்ட்வேர், தண்ணி ஷாட்டுக்கு பெரிய ஸ்டூடியோக்கள் நம்பினது, 2012ல ஆட்டோடெஸ்க் வாங்கி மாயா 2015ல பைஃப்ராஸ்ட்டா கொண்டு வந்தாங்க. இப்போ கிராஃப்ல ஏரோன்னு புகைக்கும் சால்வர் இருக்கு. டுடோரியல் கம்மியா கிடைக்கறதுதான் பிரச்சனை.

ரியல்ஃப்ளோ?

மாட்ரிட்ல இருந்து வந்த ஃப்ளூயிட் சாப்ட்வேர், விளம்பரத்துல ஜூஸ், பால், சாக்லேட் தெறிக்கறதுக்கு ஒரு காலத்துல இதுதான், 2008ல டெக்னிக்கல் ஆஸ்கரும் வாங்குச்சு. இப்போ புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

எந்த சாப்ட்வேர்ல பண்ணாலும் என் கடல் டம்ளர் தண்ணி மாதிரி தெரியுது, ஏன்?

ஸ்கேல். சாப்ட்வேர் மேல பழி போடறதுல பாதிக்கு மேல இதுதான் காரணம்னு நான் நினைக்கறேன்.

1 மீட்டர் உயரத்துல இருந்து தண்ணி விழுந்தா தரைய தொட 0.45 செகண்ட், 24 எஃப்பிஎஸ்ல 11 ஃப்ரேம். 100 மீட்டர்ல இருந்து விழுந்தா 4.5 செகண்ட், 108 ஃப்ரேம். இப்ப நீங்க 100 மீட்டர் அருவிய வசதிக்காக 1 மீட்டரா மாடல் பண்ணிட்டீங்க, சால்வர் அத 11 ஃப்ரேம்ல இறக்கிடுது. பாக்கறவங்களுக்கு கணக்கு தெரியாது, ஆனா இது குட்டி தண்ணின்னு மூளை உடனே கண்டுபிடிச்சுடும். உயரம் 100 மடங்குன்னா நேரம் 10 மடங்குதான், அதனால நிஜ அளவுல மாடல் பண்ண முடியலன்னா டைம் ஸ்கேல 0.1 ஆக்குங்க. மினியேச்சர் செட் கட்டி ஷூட் பண்ண காலத்துல கேமராவ அதிவேகமா ஓட்டினதும் இதே காரணத்துக்குத்தான். ஃபீனிக்ஸ்ல சீன் ஸ்கேல்னு தனி செட்டிங்கே இருக்கு, ஹூடினில 1 யூனிட் 1 மீட்டர்னு எடுத்துக்கும். சாப்ட்வேர் மாத்தறதுக்கு முன்னாடி பக்கத்துல ஒரு மனுஷன் உயர பெட்டிய வெச்சு பாருங்க.

விடிபின்னா என்ன? ஒண்ணுல செஞ்சு இன்னொண்ணுல ரெண்டர் பண்ண முடியுமா?

முடியும். ஓபன்விடிபி ட்ரீம்வொர்க்ஸ்ல உருவாகி 2012ல ஓபன் சோர்ஸா வந்தது, இன்னிக்கு புகைய ஒரு சாப்ட்வேர்ல இருந்து இன்னொண்ணுக்கு கொண்டு போற பொது ஃபார்மட் அதுதான். புகை இருக்கற இடத்த மட்டும் சேமிக்கும். பிளெண்டர்ல 2.83ல இருந்து நேரா இம்போர்ட் பண்ணலாம்.

கொண்டு வந்ததும் வழக்கமா ரெண்டு சிக்கல் வரும். ஹூடினில மேல்பக்கம் ஒய், பிளெண்டர்ல இசட், அதனால புகை படுத்துகிட்டு வரும், எக்ஸ் அச்சுல 90 டிகிரி திருப்புங்க. ரெண்டாவது, ஃபைல் வந்துருச்சு ஆனா ரெண்டர்ல நெருப்பே தெரியல, அது ஃபீல்டு பேரு பொருந்தாதது, ஃபைல்ல இருக்கற பேர ஷேடர்ல அப்படியே எழுத்து மாறாம போடுங்க. வேகம் ஃபீல்டையும் சேத்து எக்ஸ்போர்ட் பண்ணுங்க, இல்லன்னா மோஷன் பிளர் வராது.

கேமுக்கு பண்றேன், அன்ரியல் கேம் இன்ஜின்ல நேரா சிமுலேட் பண்ணலாமா?

நயகரா ஃப்ளூயிட்ஸ் ப்ளகின் இருக்கு, கட்சீனுக்கு (கேம் நடுவுல வர்ற சினிமா காட்சிக்கு) சரி. விளையாட்டுக்குள்ள பத்து இடத்துல நெருப்பு எரியணும்னா ஃப்ளிப்புக்தான். 2048 டெக்ஸ்சர்ல 8க்கு 8 போட்டா 64 ஃப்ரேம், ஒரு ஃப்ரேம்க்கு 256 பிக்சல் கிடைக்கும், தூரத்து நெருப்புக்கு அது போதும்.

நான் மெக்கானிக்கல் இன்ஜினியர், ஓபன்ஃபோம் தெரியும், அத வெச்சே சினிமா தண்ணி பண்ணலாமா?

பண்ண முடியும்தான், ஆனா செய்யாதீங்க. ஓபன்ஃபோம் இன்ஜினியரிங் ஃப்ளூயிட் சாப்ட்வேர், பதில் சரியா இருக்கணும்னு கட்டினது, நம்ம சால்வர் எல்லாம் பார்வைக்கு சரியா இருந்தா போதும், டைரக்டர் சொன்னா புவியீர்ப்பையே மாத்துவோம்னு கட்டினது. உங்க படிப்பு வீணாகாது, ஹூடினிக்குள்ள ஃபீல்டு, பவுண்டரி கண்டிஷன் எல்லாம் மத்தவங்கள விட வேகமா பிடிபடும். தலைகீழா ஒருத்தர் கேட்டார், கட்டடத்துல தீ பிடிச்சா புகை எப்படி பரவும்னு பிளெண்டர்ல காட்டலாமான்னு. பாதுகாப்பு சம்பந்தப்பட்டதுன்னா கூடவே கூடாது. அதுக்கு அமெரிக்க அரசோட என்ஐஎஸ்டி ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடற ஃபயர் டைனமிக்ஸ் சிமுலேட்டர் இருக்கு, அதுவும் இலவசம், ஆனா தீ பாதுகாப்பு படிச்சவங்க கையில இருக்க வேண்டியது.

சிமுலேஷனே வேண்டாம்னு எப்போ சொல்வீங்க?

நடுக்கடல் ஷாட்டுக்கு. கரையும் இல்ல, கப்பலும் அலை மேல மோதலன்னா ஃப்ளிப் வேண்டாம், பிளெண்டரோட ஓஷன் மாடிஃபையரே போதும், அது அலைய கணித ஸ்பெக்ட்ரம்ல இருந்து நேரா வரையுது, பேக் போடாமலே ஓடும். அப்புறம் பின்னணில ரெண்டு செகண்ட் தெரியற புகைக்கு ரெடிமேட் விடிபி எடுத்து வெச்சுடுங்க, மேகத்துக்கு டிஸ்னி ஸ்டூடியோ இலவசமா குடுத்த டேட்டாவே இருக்கு.

16 ஜிபி ராம் லேப்டாப், ஸ்டூடன்ட், எங்க ஆரம்பிக்க?

பிளெண்டர்ல ஒரு ஊதுபத்தி புகை. அகலம் கம்மியான, உயரமான டொமைன் வெச்சா வாக்ஸல் எண்ணிக்கை அடங்கும், 16 ஜிபில தாராளமா ஓடும். முதல்ல வீட்டுல ஒரு ஊதுபத்திய கொளுத்தி, பின்னாடி கறுப்பு துணி கட்டி, பக்கவாட்டுல இருந்து வெளிச்சம் அடிச்சு போன்ல ஸ்லோ மோஷன்ல எடுங்க. கொஞ்ச தூரம் நூல் மாதிரி நேரா போகும், அப்புறம் ஒரு உயரத்துல உடைஞ்சு சுருளும். அந்த உடையற உயரத்த உங்க சிமுலேஷன்ல கொண்டு வரணும், காத்து இல்லாம ஒரு தடவ, லேசா ஒரு காத்து விட்டு ஒரு தடவ. அது வந்தப்புறம் அடுத்தது கேஸ் அடுப்பு ஜுவாலை. தண்ணிய அதுக்கப்புறம் தொடுங்க.